‘ஈ.சி.ஜி நார்மல்... உங்களுக்கு ஒண்ணுமில்லை!’ - அப்படின்னா அந்தப் பத்து நிமிஷம் நடந்தது என்ன?

காலை எட்டரை மணி. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில். தினமும் ஏறுகிற அதே ரயில், அதே பெட்டி, பிடித்துக்கொண்டு நிற்பதும் அதே கம்பிதான். கிண்டி தாண்டியதும் திடீரென நெஞ்சு தடதடவென அடிக்க ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் எதை நினைத்தும் பயப்படவில்லை. சாப்பாட்டுப் பையில் ரச டப்பாவை வைத்தோமா, இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த சில விநாடிகளில் கழுத்தோரம் வியர்க்கிறது. மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றுவிடுகிற மாதிரி இருக்கிறது. விரல் நுனியெல்லாம் ஜிவ்வென்று மரத்துப்போகிறது. பக்கத்தில் நிற்பவர்களின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது. ‘அவ்வளவுதான், போயிடப்போறோம்’ என்கிறது மனசு. பிள்ளைகளின் முகம் வந்துபோகிறது. சைதாப்பேட்டையில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்கிறீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய் சோடா வாங்கி வருகிறார். “கேஸா இருக்கும், குடிங்க.” இன்னொருவர் ஆட்டோ பிடிக்கிறார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி தணிந்துவிடுகிறது. ஈ.சி.ஜி, பிரஷர், சுகர், ரத்தப் பரிசோதனை... எல்லாமே சரியாக இருக்கின்றன. டூட்டி டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரிக்கிறார். “உங்களுக்கு ஒண்ணுமில்லை. டென்ஷன் ஆகாதீங்க. வீட்டுக்குப் போகலாம்.”

இதைக் கேட்டு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. ‘ஒண்ணுமில்லைன்னா ஏன் செத்துப்போற மாதிரி இருந்துச்சு?’ என்ற கேள்விதான் வருகிறது. கூடவே ஒரு கூச்சம். அலுவலகத்தில் என்னவென்று சொல்வது? மறுநாள் காலையில் ஸ்டேஷன் படிக்கட்டு வரை போகிறீர்கள். கால் நகரவில்லை. ‘இன்னிக்கு மட்டும் பஸ்ல போயிடலாம்.’

அந்த டாக்டர் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. உங்கள் இதயத்துக்கு ஒன்றுமில்லை. ஆனால், உங்களுக்கு ஒன்று நடந்தது. அதற்குப் பெயர் பேனிக் அட்டாக். தமிழில் ‘பீதித் தாக்குதல்’ என்று எழுதுகிறார்கள். மருத்துவப் புத்தகத்தில் இடம்பிடித்த, சிகிச்சை உள்ள ஒரு விஷயம் அது. அந்தப் பெயரை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், ‘இன்னிக்கு மட்டும் பஸ்’ என்பது பல பேருக்கு அதோடு நின்றிருக்கும்.

தாளிப்புப் புகைக்கு அடிக்கும் அலாரம்

ரோட்டைக் கடக்கும்போது பிரேக் பிடிக்காத லாரி ஒன்று உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க நேரமில்லை. மூளை உடனே அட்ரினலினை அவிழ்த்துவிடும். ஓடுவதற்குத் தொடைத் தசைக்கு ரத்தம் வேண்டும், அதற்காக இதயம் வேகமாக அடிக்கும். ஆக்ஸிஜன் வேண்டும், மூச்சு வேகமெடுக்கும். உடம்பு சூடாகும் என்பதால் முன்கூட்டியே வியர்க்கும். செரிமானம் இப்போது முக்கியமில்லை என்று வயிற்றுவேலை நிறுத்தப்படும், அதனால் குமட்டும். தோலுக்குப் போகும் ரத்தம் குறையும், கை சில்லிட்டுப்போகும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் எழுதிய புத்தகத்தில் விளக்கிய ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ ஏற்பாடு இதுதான். நம் எல்லோருக்கும் இது இருக்கிறது. இது இல்லாத முன்னோர்கள் புலி வாயில் போயிருப்பார்கள்.

பேனிக் அட்டாக்கில் நடப்பதும் அச்சுப் பிசகாமல் இதேதான். லாரி மட்டும் இல்லை. அடுக்களையில் மிளகாய் தாளித்த புகைக்கு ஃபயர் அலாரம் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. அலாரத்தின் சத்தம் நிஜம். காது கிழிவது நிஜம். தீதான் இல்லை.

அதனால்தான் ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று சொல்வது தப்பு. துடிப்பு, வியர்வை, நடுக்கம் எல்லாமே உடம்பில் உண்மையாக நடக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்கு 13 அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் நான்கோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் திடீரென எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட வேண்டும். ரயிலில் உங்களுக்கு வந்ததையெல்லாம் எண்ணிப் பாருங்கள், நான்கைத் தாண்டியிருக்கும். அதில் இல்லாதவை நெஞ்சுவலி, தொண்டை அடைப்பது, உடம்பு நடுங்குவது, சட்டென ஒரு சூடோ குளிரோ பரவுவது, ‘பைத்தியம் பிடிச்சிடுமோ’ என்ற பயம் போன்றவை. கடைசியாகச் சொன்ன பயத்தைப் பல பேர் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லுங்கள். அதுவும் பட்டியலில் உள்ள ஓர் அறிகுறிதான், பைத்தியத்தின் ஆரம்பம் அல்ல.

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், இருபது, முப்பது நிமிடத்தில் இறங்கிவிடும். பிறகு நாள் முழுக்க அடித்துப்போட்ட மாதிரி ஓர் அசதி இருக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு வருவதும் உண்டு. கெட்ட கனவு எதுவும் இல்லாமலேயே இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்வார்கள்.

‘நல்லா இழுத்து மூச்சு விடு’ - வேண்டாமே!

பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல எண்ணம்தான். ஆனால், இந்த இடத்தில் எதிராக வேலை செய்துவிடும்.

பயத்தில் நாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துபோகிறது. ‘கழிவுவாயுதானே, போனா நல்லதுதானே’ என்று தோன்றும். அப்படியில்லை. அது ஓர் அளவுக்கு இருந்தாக வேண்டும். குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், சுற்றியிருப்பதெல்லாம் கனவு மாதிரி தெரியும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, கால்சியம் வேலை செய்யும் விதம் மாறும். உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் மதமதப்பு வரும். ரொம்ப நேரம் போனால் கை விரல்கள் உள்ளே குவிந்து இழுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் இங்கேதான் ஒரு குழப்பம் நடக்கும். விரல் இழுத்துக்கொண்டதைப் பார்த்ததும் ‘வலிப்பு வந்துடுச்சு’ என்று யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வலிப்புக்கே இரும்பால் பயன் கிடையாது. இங்கே சுத்தமாகக் கிடையாது. முழு நினைவோடு உட்கார்ந்திருப்பவரின் கையில் சாவியைத் திணித்து, முகத்தில் சொம்புத் தண்ணீரை அடித்தால் அவருக்கு இன்னும் பீதிதான் ஏறும்.

ஆக, செய்ய வேண்டியது ஆழமாக இழுப்பதல்ல, மெதுவாக வெளியே விடுவது. மூக்கு வழியாகச் சாதாரணமாக ஒரு மூச்சு, மனசுக்குள் நாலு எண்ணும் நேரம். வெளியே விடும்போது ஆறு எண்ணும் நேரம். வயிறு மட்டும் லேசாக அசைந்தால் போதும். அஞ்சாறு நிமிடம் இப்படிச் செய்யும்போது மரத்துப்போன விரல்கள் பழைய நிலைக்கு வருவதை நீங்களே பார்க்கலாம். பழைய சினிமாக்களில் காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்வார்களே, அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. அது பேனிக் அட்டாக்காக இல்லாமல் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்துவிட்டால், பைக்குள் மூச்சுவிடுவது ஆபத்து.

மாரடைப்பா, பேனிக் அட்டாக்கா?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் முக்கால்வாசிப் பேர் இந்த வரிக்காகத்தான் வந்திருப்பீர்கள். நேர்மையான பதில்: முதல் தடவை வரும்போது உங்களாலோ, பக்கத்து வீட்டுக்காரராலோ, கூகுளாலோ பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போய்ப் பார்த்து ‘ஒண்ணுமில்லை’ என்று திரும்பி வருவதில் எந்த வெட்கமும் இல்லை.

சில பொதுவான வித்தியாசங்கள் உண்டு. மாரடைப்பு வலி பெரும்பாலும் நெஞ்சின் நடுவில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போலவோ, இறுக்கிப் பிடிப்பது போலவோ இருக்கும். இடது கை, தாடை, முதுகு எனப் பரவலாம். படியேறும்போது, வேலை செய்யும்போது கூடலாம். பத்து நிமிடத்தில் தானாக இறங்காமல் நீடிக்கும், இல்லை போய்ப் போய் வரும். பேனிக் அட்டாக்கில் வலி பெரும்பாலும் ஓரிடத்தில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இருக்கும், சட்டென உச்சிக்குப் போய் இறங்கும். ஆனால் பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் வியர்வை, குமட்டல், அசதி, மூச்சுத்திணறலாக வரலாம். அதனால் 40 வயதைத் தாண்டியவர்கள், சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இதயநோய் இருப்பவர்கள், ‘இது அதுதான்’ என்று தாங்களே முடிவுகட்ட வேண்டாம். ஏற்கெனவே பேனிக் அட்டாக் வந்தவராக இருந்தாலும், இந்தத் தடவை வந்தது வழக்கத்துக்கு மாறாக இருந்தால் போய்க் காட்டிவிடுங்கள்.

நம்மூரில் ஒரு வேடிக்கையான, வேடிக்கை பார்க்கக் கூடாத முரண் இருக்கிறது. பேனிக் அட்டாக் வந்தவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று அலறிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவார். நிஜமாகவே மாரடைப்பு வந்தவர் ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். முன்னவர் ஓடுவதில் தப்பில்லை. பின்னவர் படுத்ததுதான் தப்பு.

இதயத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் இதே படபடப்பு வரும். ரத்தசோகையில் வரும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டெனக் குறைந்தால் வரும். ‘எஸ்.வி.டி’ என்கிற இதயத்துடிப்புக் கோளாறு ஒன்று இருக்கிறது. ஸ்விட்ச் போட்ட மாதிரி திடீரென துடிப்பு 150-ஐத் தாண்டி, ஸ்விட்ச் அணைத்த மாதிரி நின்றுவிடும். மருத்துவமனைக்குப் போவதற்குள் நின்றுவிட்டால் ஈ.சி.ஜி-யில் சிக்காது. இதைப் பேனிக் அட்டாக் என்று நினைத்துச் சில பெண்கள் வருடக்கணக்கில் தவறான பாதையில் போயிருக்கிறார்கள். உங்களுக்கு அப்படித் ‘டக்’கென்று தொடங்கி ‘டக்’கென்று நிற்கிறது என்றால், அதை அப்படியே அந்த வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு ஓட்டப்பந்தய இதயமும் ஒரு சிட்னி டாக்டரும்

இதெல்லாம் செல்போன் காலத்து வியாதி என்று சொல்பவர்கள் உண்டு. 1871-ல் ஜேக்கப் டகோஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்கள் பற்றி எழுதினார். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், இதயத்தில் நோய் எதுவுமில்லை. ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று அவர் பெயர் வைத்தார். பிறகு அது ‘சிப்பாய் இதயம்’ ஆயிற்று. அங்கேயும் அன்றைக்கும் தேடியது இதயத்தில்தான்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தவர் கிளேர் வீக்ஸ். 1903-ல் பிறந்த ஆஸ்திரேலியப் பெண்மணி. இருபதுகளில் காசநோய் என்று தவறாகச் சொல்லி, ஓய்வில் உட்காரவைத்துவிட்டார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் நெஞ்சு படபடப்பது நிற்கவில்லை. போரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், ‘போர்முனையில் எங்களுக்கும் இதயம் இப்படித்தான் ஓடும், உன் இதயம் பயத்துக்குப் பயந்து ஓடுகிறது’ என்கிற அர்த்தத்தில் விளக்க, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு டாக்டருக்குப் படித்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். 1962-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. அவர் சொன்னது நாலே விஷயம். எதிர்கொள், ஏற்றுக்கொள், மித, நேரம் போகவிடு.

இதில் ‘மித’ என்பதைக் கவனியுங்கள். நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் கையைக் காலை அடிக்க அடிக்கத்தான் மூழ்குவார். உடம்பைத் தளரவிட்டால் தண்ணீரே தூக்கும். பேனிக் அட்டாக்கும் அப்படித்தான். ‘நின்னுடு, நின்னுடு’ என்று அதோடு மல்லுக்கு நிற்கும்போது மூளை என்ன நினைக்கும்? ‘இவ்வளவு போராடுறான்னா, நிஜமாவே ஆபத்துதான்போல’ என்று இன்னொரு குடம் அட்ரினலினை ஊற்றும். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். ஒரு சின்னத் துடிப்பு. ‘ஐயோ, ஹார்ட்’ என்ற நினைப்பு. அதனால் பயம். பயத்தால் இன்னும் துடிப்பு. ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல!’ சுழல் இப்படித்தான் வேகமெடுக்கும்.

அதனால், அந்த நேரத்தில் என்ன செய்யலாம்? (இதயம் சரியாக இருக்கிறது என்று ஏற்கெனவே டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்ற கணக்கில்தான் சொல்கிறேன்.) இருக்கும் இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ‘இது பேனிக் அட்டாக். போன தடவையும் இப்படித்தான் வந்துச்சு, போயிடுச்சு’ என்று அதற்குப் பெயர் சொல்லுங்கள். வாய்விட்டே சொல்லலாம். தோளையும் தாடையையும் தளர்த்துங்கள். மேலே சொன்ன நாலு-ஆறு மூச்சு. கண்ணில் படும் ஐந்து பொருள்களை எண்ணுவது, ஐஸ் கட்டியைக் கையில் பிடிப்பது போன்றவற்றை இன்ஸ்டாகிராம் முழுக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு உதவும், செய்யுங்கள். ஆனால் ‘இதைச் செஞ்சாதான் நான் பிழைப்பேன்’ என்று ஆகிவிட்டால், அதுவே இன்னொரு பயத்துக்கு விதை. நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் அது இறங்கத்தான் போகிறது. அட்ரினலினுக்கு அவ்வளவுதான் ஆயுசு.

இன்னொன்று. ‘மயங்கி விழுந்துடுவேனோ’ என்ற பயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். மயங்கி விழ ரத்த அழுத்தம் சட்டென இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் அது ஏறத்தான் செய்கிறது. அதனால் விழுவது அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குகிறவர்களின் கதை வேறு.

பக்கத்தில் இருப்பவரா நீங்கள்? ‘பயப்படாதே’ என்று சொல்லாதீர்கள். பயப்படாமல் இருக்க முடிந்தால் அவர் ஏன் பயப்படப்போகிறார்? “நான் இங்கேயேதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். அவர் வேண்டாம் என்றால் தொடாதீர்கள். உங்கள் மூச்சை நீங்கள் மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

அத்தையின் சுருங்கிய ஊர்

வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு தடவை பேனிக் அட்டாக் வந்து, அதோடு மறந்துபோனவர்கள் நிறைய பேர். அது நோயே அல்ல. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, ‘அடுத்தது எப்ப வருமோ’ என்ற கவலையோ, அதற்காக வாழ்க்கையை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்குப் ‘பேனிக் டிஸார்டர்’ என்று பெயர். 1980-லிருந்து அது தனி நோயாகப் பட்டியலில் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதுகளின் நடுவுக்குள் தொடங்குகிறது.

திண்டுக்கல்லில் இருக்கும் என் அத்தைக்கு முப்பத்தாறு வயதில் வந்தது. ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரம், ஹோமப் புகை, கெட்டிமேளம், நெருக்கியடித்த கூட்டம். நடுவில் அத்தை எழுந்து ஓடினார். மண்டப வாசலில் உட்கார்ந்து ‘என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று அழுதார். அன்றைக்கும் ஈ.சி.ஜி நார்மல்தான். அன்றைக்கும் ‘ஒண்ணுமில்லம்மா’தான்.

அடுத்த கல்யாணத்தில் அத்தை வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த கல்யாணத்துக்கு மொய்க் கவரை மட்டும் மாமாவிடம் கொடுத்தனுப்பினார். பிறகு சந்தை நின்றது. பிறகு பஸ். கடைசியில் ரேஷன் கடை க்யூகூட. தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள், வாயு லேகியம் வாங்கினார்கள். வருஷத்துக்கு மூன்று ஈ.சி.ஜி எடுத்து ஃபைல் கனத்தது. ‘அவளுக்குக் கூட்டம்னா ஆகாது’ என்று குடும்பத்தில் எல்லோரும் அதை அவர் சுபாவமாகவே ஆக்கிவிட்டோம். நானும்தான். அத்தைக்குக் கோபமோ திமிரோ என்றுகூட சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்படியே பதினான்கு வருஷம் போயிற்று.

சுகருக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டர், ஃபைலில் இருந்த ஈ.சி.ஜி-களை எல்லாம் புரட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம். “இது வந்ததுக்கப்புறம் நீங்க போறதை நிறுத்துன இடம் எத்தனைம்மா?” அத்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நடுவில் அழுதுவிட்டார். அந்தக் கேள்வியைத்தான் நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை அட்டாக் வந்தது என்பதைவிட முக்கியமான எண்ணிக்கை அது. ஓர் இடத்தைத் தவிர்த்ததும் நிம்மதி கிடைக்கிறது. மூளை அதை ‘அங்கே போகாததால்தான் பிழைச்சோம்’ என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று ஊர் சுருங்கி வீடாகிவிடும்.

உயரமோ காசோ இதைத் தடுக்காது. ஆறரை அடிக்கு மேல் உயரமுள்ள அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கெவின் லவ், 2017 நவம்பரில் மேட்ச்சின் நடுவிலேயே பேனிக் அட்டாக் வந்து உடைமாற்றும் அறைக்கு ஓடினார். அவருக்கும் மருத்துவமனைப் பரிசோதனைகள் எல்லாம் நார்மல். அடுத்த வருஷம் அவரே அதை வெளிப்படையாக எழுதியபோது பல வீரர்கள் ‘எனக்கும்தான்’ என்று சொல்ல முன்வந்தார்கள்.

சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்?

மனநல மருத்துவர் என்றதும் நம் ஆட்கள் கையோடு ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஒரு ஜோக் அடிப்பார்கள். அந்த ஜோக்குக்குப் பயந்தே வீட்டுக்குள் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ! பேனிக் டிஸார்டருக்கு யாரையும் அட்மிட் செய்வது அபூர்வம். பெரும்பாலும் வெளிநோயாளியாகப் போய்வருவதுதான். மனநோய்களிலேயே சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் ஒன்றும்கூட.

ஒன்று, பேச்சு வழிச் சிகிச்சை. சி.பி.டி என்பார்கள். வாரம் ஒன்றாகப் பத்து, பதினைந்து அமர்வுகள். ‘துடிப்பு வந்தா சாவு’ என்ற கணக்கைத் திருத்துவது ஒரு பாதி. மறுபாதி இன்னும் சுவாரஸ்யம். அந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கச் சொல்வார்கள். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது. தலை சுற்றும், நெஞ்சு அடிக்கும். அடித்துவிட்டு அடங்கும். பத்து தடவை பார்த்த பிறகு மூளைக்கே அலுத்துவிடும். இதை முறையாகப் படித்தவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாகவே முயல வேண்டாம்.

இன்னொன்று, மாத்திரை. எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரைகள்தான் முதலில் தருவது. தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது, சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள்கள் படபடப்பு சற்றுக் கூடினதுபோலவும் இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். நிறுத்துவதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள். ஆல்ப்ரஸோலம் போன்ற மாத்திரைகள் உடனே அமைதிப்படுத்தும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது, பழக்கமாகிவிடும். டாக்டர் குறுகிய காலத்துக்கு எழுதினால் எழுதின மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்று வாங்கிப் போடாதீர்கள். நீண்ட நாள் எடுத்துவிட்டால் திடீரெனவும் நிறுத்தாதீர்கள். வலிப்பு வரை போகலாம். ‘ஒரு கட்டிங் போட்டா சரியாயிடுது’ என்கிற அண்ணன்களுக்கு: சரக்கு இறங்கும்போது மறுநாள் காலைப் பதற்றம் முன்னைவிட அதிகமாகத்தான் வரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி, எனர்ஜி டிரிங்க், ராத்தூக்கம் இல்லாமை ஆகியவையும் அலாரத்தைத் தொட்டால் அடிக்கும் நிலையில் வைத்திருக்கும்.

எங்கே போவது? மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம். போகும்போது எடுத்த ஈ.சி.ஜி, தைராய்டு ரிப்போர்ட்களைக் கொண்டுபோங்கள். எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

அத்தைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள், படிப்படியாக வெளியே போகவும் பழக்கினார்கள். முதல் வாரம் தெருமுனை வரை, மாமா பத்தடி பின்னால். அப்புறம் தனியாக. அப்புறம் ரேஷன் கடை க்யூவில் நெஞ்சு அடிக்க அடிக்க நிற்பது, அடங்கும் வரை நகராமல். பிறகு பஸ்ஸில் ஒரு ஸ்டாப். நடுவில் இரண்டு தடவை மறுபடியும் பெரிதாக வந்தது, ‘எல்லாம் போச்சு’ என்று பத்து நாள் படுத்துவிட்டார். டாக்டர் திரும்பவும் தெருமுனையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

என் தங்கை கல்யாணத்தில் அத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கொட்டியபோது நான் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது, உதடு மெல்ல எண்ணிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, “வந்துச்சாத்தை?” என்று கேட்டேன். “வந்துச்சுடி. வந்துட்டுப் போயிடுச்சு. நீ பாயசத்த வாங்கு” என்றார்.